முதல் ஏர் ரைஃபிள் வாங்கியாச்சு: எதை மாற்றலாம், எந்த வரிசையில்?

பெரம்பூர், கொளத்தூர், தண்டையார்பேட்டை என்று நம் பக்கத்திலிருந்து துப்பாக்கி சுடும் பயிற்சிக்குப் போகிறவர்கள் முதல் சில மாதம் கிளப் ரைஃபிளில் சுடுவார்கள். அப்புறம் வீட்டில் கெஞ்சியோ, சீட்டு எடுத்தோ, சீனியர் ஒருவரிடம் பழையதைப் பேசி வாங்கியோ, சொந்த ரைஃபிள் வந்துவிடும். வந்த மறுநாளே கேள்வியும் வரும்: "ணா, இதுல இன்னா மாத்தலாம்?"

என் பதில் கேட்பவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். முதலில் ரைஃபிள் உங்கள் உடம்பைத் தொடும் இடங்களைச் சரிசெய்யுங்கள். அதற்குக் காசு தேவையில்லை. அடுத்து கண். அடுத்து பெல்லட், அதாவது ஏர் ரைஃபிளின் குண்டு. ட்ரிகர், எடைக்கட்டி, பளபள பாகங்களெல்லாம் கடைசி. இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடிப்பவர்கள்தான் அதிகம், ஏனென்றால் பளபள பாகங்களைத்தான் கடையில் விற்கிறார்கள்.

யூடியூப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்கக் காணொளிகளில் 'முதல் ரைஃபிள், முதல் அப்கிரேட்' என்று காட்டுவது பெரும்பாலும் .22 ரிம்ஃபயர் செமி ஆட்டோமேட்டிக், அதாவது அடுத்த தோட்டா தானாக ஏறும் துப்பாக்கி. குறிப்பாக 1964-இல் வந்த ரூகர் 10/22. பத்துத் தோட்டா பிடிக்கும் சுழல் மேகசின், மாற்றிக்கொள்ள நூறு வகை பாகம், எல்லாவற்றுக்கும் ஒரு கடை. அந்த ஊரில் அது தொடக்கத் துப்பாக்கி. இங்கே .22 என்றாலே 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். அதோடு, 50 மீட்டர் ரைஃபிள் போட்டிகளில் சுடப்படுபவை ஒற்றைத் தோட்டா ரைஃபிள்கள், செமி ஆட்டோ கிடையாது. அந்தக் காணொளிகளில் நமக்கு உதவுவது இரண்டே விஷயம்: ஸ்டாக்கை (தோளிலும் கையிலும் படும் கட்டைப் பகுதியை) உடம்புக்குப் பொருத்துவது, எந்தக் குண்டு அந்தக் குழாய்க்கு ஒத்துப்போகிறது என்று சுட்டுப் பார்ப்பது. மேகசின் லீவர், போல்ட் பஃபர், டெலஸ்கோப் எதுவும் நம் கணக்கில் வராது. 10 மீட்டர் போட்டியில் டெலஸ்கோப்புக்கு அனுமதியே இல்லை.

நமக்குத் தொடக்கம் 4.5 மி.மீ. ஏர் ரைஃபிள். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 0.177 அங்குலத்தைத் தாண்டினாலோ, குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலைத் தாண்டினாலோ ஏர் ரைஃபிளுக்கும் உரிமம் வேண்டும். 0.177 அங்குலம் என்பதும் 4.5 மி.மீ. என்பதும் ஒன்றே. போட்டி ரைஃபிள் அரை கிராம் பெல்லட்டை நொடிக்கு ஏறத்தாழ 170 மீட்டர் வேகத்தில் தள்ளுகிறது. கணக்குப் போட்டால் எட்டு ஜூல்கூட வராது. ஆகவே போட்டி ரைஃபிளுக்கு உரிமம் தேவைப்படாது. 'பவர் ஏத்தித் தர்றேன்' என்று யாராவது சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். 10 மீட்டர் தூரத்துக்கு அந்த வேகமே தாராளம். ஏற்றினால் குறி கெடும், சட்டச் சிக்கலும் வரும்.

எதையும் தொடுவதற்கு முன்

முதலில் உங்கள் ரைஃபிள் இப்போது எப்படிச் சுடுகிறது என்று பதிவு செய்யுங்கள். அட்டை டார்கெட்டில் பத்துப் பத்துக் குண்டாக ஐந்து அட்டை. தேதி, பெல்லட் பெயர், ரைஃபிளின் காற்று சிலிண்டர் அழுத்தம் மூன்றையும் அட்டையின் பின்புறம் எழுதி வையுங்கள். இது இல்லாமல் எதை மாற்றினாலும் நல்லதாயிற்றா கெட்டதாயிற்றா என்று தெரியவே தெரியாது.

இந்த அளவுகளையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வளையம் என்பது அரை மில்லிமீட்டர் வெள்ளைப் புள்ளி. உங்கள் பெல்லட்டின் விட்டம் 4.5 மி.மீ. புள்ளியின் விளிம்பைத் தொட்டாலே பத்து என்பதால், குண்டின் மையம் 2.5 மி.மீ. வரை விலகலாம். வளையத்துக்கு வளையம் உள்ள இடைவெளியும் அதே 2.5 மி.மீ.தான். குறி பார்க்கும் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவே 80 செ.மீ. தூரம் என்று வையுங்கள். முன் சைட் 0.2 மி.மீ. நகர்ந்தால் 10 மீட்டரில் அது 2.5 மி.மீ. ஆகிறது, அதாவது ஒரு வளையம். 0.2 மி.மீ. என்பது சாதாரண எழுதுதாள் இரண்டின் தடிமன். அவ்வளவு சின்ன அசைவை உங்கள் கன்னம், தோள், இடுப்பு மூன்றும் சேர்ந்துதான் அடக்க வேண்டும். குழாய் பாவம், அது தன் வேலையை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது. நல்ல போட்டி ரைஃபிளோடு தொழிற்சாலையில் சுட்ட சோதனை அட்டை ஒன்று வரும். ஐந்து குண்டும் ஒரே ஓட்டையாக இருக்கும். அதைப் பார்த்த பிறகும் குழாய் மாற்ற வேண்டும் என்று தோன்றினால், அட்டையைச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

உடம்பைத் தொடும் நான்கு இடங்கள்

தோள், கன்னம், விசை பிடிக்கும் கை, தாங்கும் கை. இந்த நான்கும் சரியானால் தொடக்கநிலை ஸ்கோரில் வரும் மாற்றம், வேறு எந்தப் பாகம் வாங்கினாலும் வராது. அதனால் இங்கே பொறுமையாகப் போவோம்.

கடையில் ஒரு நல்ல எல்லன் கீ செட் வாங்குங்கள். பிராட்வே, பாரிமுனை ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். மில்லிமீட்டர் அளவு என்று கேட்டு வாங்குங்கள், அங்குல அளவு திருகின் தலையைக் கெடுத்துவிடும். மலிவான செட்டின் முனை சீக்கிரம் உருண்டுவிடும், அதுவும் திருகைத் தின்னும். வேறு எந்தப் பாகத்துக்கும் முன்னால் செலவழிக்க வேண்டியது இதற்குத்தான்.

தோளில் தொடங்குங்கள். தோளில் பதியும் பட் பிளேட்டை முன்னும் பின்னும் நகர்த்தி நீளத்தைச் சரிசெய்யலாம். நீளம் அதிகமானால் தலையை முன்னே நீட்ட வேண்டிவரும், கழுத்து வலிக்கும். குறைந்தால் பின் சைட் கண்ணை முட்டும். நேராக நின்று, தலையை இயல்பாகச் சற்றே முன்னால் சாய்க்கும்போது கண்ணுக்கும் பின் சைட்டின் ரப்பர் ஐகப்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருந்தால் தொடக்கத்துக்குப் போதும். அடுத்து பட் பிளேட்டின் உயரம். புதியவர்கள் பெரும்பாலும் அதை மேலே வைத்து, ரைஃபிளுக்குத் தலையைக் குனிந்து கொடுப்பார்கள். பிளேட்டைக் கீழே இறக்கினால் ரைஃபிள் மேலே ஏறும், தலை நிமிரும். தலை நிமிர்ந்தால்தான் உடல் சமநிலையும் நிற்கும்.

கன்னத்துக்கு எளிய சோதனை ஒன்று. கண்ணை மூடி, ரைஃபிளை ஏற்றி, கன்னத்தை சீக் பீஸில் (ஸ்டாக்கில் கன்னம் வைக்கும் பாகத்தில்) முழு எடையோடு சாய்த்து வையுங்கள். பிறகு கண்ணைத் திறங்கள். பின் சைட்டின் துளை நடுவே முன் சைட் வளையம் அப்படியே தெரிந்தால் உயரம் சரி. தலையைத் தூக்கியோ அழுத்தியோதான் தெரிகிறது என்றால் சீக் பீஸை நகர்த்துங்கள். கண்ணைத் திறந்தபடி சரிசெய்யாதீர்கள். நம் கழுத்து நம்மை ஏமாற்றி, சைட் தெரியும் இடத்துக்குத் தானாகப் போய்விடும்.

தாங்கும் கைக்கு வருவோம். நின்று சுடும்போது முழங்கை விலா எலும்பின் மேலோ இடுப்பு எலும்பின் மேலோ உட்கார வேண்டும். தசை தாங்கக் கூடாது. கை குட்டையானவர்களுக்கு முழங்கை இடுப்பைத் தொடாது. அவர்களுக்குத்தான் ஸ்டாக்கின் அடியில் பொருத்தும் பாம் ரெஸ்ட் உண்மையாகவே உதவும். பழைய மர ஸ்டாக் ரைஃபிளில் அது இல்லையென்றால், காசு கொடுத்து வாங்கும் முதல் பாகம் இதுவாக இருக்கலாம். வாங்கும் முன் ஒட்டுப்பலகைத் துண்டுகளை அடுக்கி எத்தனை மில்லிமீட்டர் உயர வேண்டும் என்று கோச் முன்னிலையில் பாருங்கள். அளவு தெரிந்த பிறகு வாங்குவதே சிக்கனம்.

விசை பிடிக்கும் கை பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. பிடி இறுக்கமாக வேண்டாம். ஆள்காட்டி விரலின் முதல் கணு ட்ரிகரின் மேல் நேராகப் படிய வேண்டும். ட்ரிகரை முன்பின் நகர்த்தும் வசதி பெரும்பாலான போட்டி ரைஃபிள்களில் உண்டு. அதை மட்டும் நகர்த்துங்கள், எடையைத் தொடாதீர்கள்.

எல்லாம் முடிந்ததும் இன்னொரு சோதனை. டார்கெட்டைப் பார்த்து நின்று, கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டு, கண்ணைத் திறங்கள். முன் சைட் டார்கெட்டுக்கு இடப்பக்கம் நிற்கிறதா? கையால் இழுக்காதீர்கள். பின்னங்காலைச் சற்று நகர்த்துங்கள். திரும்பக் கண்ணை மூடிப் பாருங்கள். உடம்பு தானாக டார்கெட்டைப் பார்க்கும்வரை காலைத்தான் நகர்த்த வேண்டும். இதைச் செய்யாமல் எந்த ஸ்டாக்கையும் குறை சொல்லக் கூடாது.

ஒவ்வொரு திருகும் எந்த இடத்தில் நிற்கிறது என்று மெல்லிய மார்க்கரால் கோடு போட்டு, ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். ஒரு நாளில் ஒரே ஒரு மாற்றம். கன்னத்தையும் தோளையும் ஒரே நாளில் நகர்த்தினால், ஸ்கோர் ஏறியது எதனால் என்று பத்து கோச் வந்தாலும் சொல்ல முடியாது.

கண்

சைட் வாங்கும் முன் கண் பரிசோதனை. நகைச்சுவைக்குச் சொல்லவில்லை. 'ரைஃபிள் இழுக்குது' என்று வருகிற பிள்ளைகளில் சிலருக்கு வேண்டியது கண்ணாடிதான். கண்ணாடி போட்டு ரைஃபிளை ஏற்றும்போது நாம் லென்ஸின் நடுவே பார்ப்பதில்லை, மூக்குப் பக்கத்து ஓரம் வழியாகப் பார்க்கிறோம். கண் மருத்துவரிடம் இதைச் சொல்லி, பார்வை கூர்மையாக வேண்டியது முன் சைட் இருக்கும் தூரத்தில், அதாவது கண்ணிலிருந்து சுமார் ஒரு மீட்டரில் என்றும் சொல்லுங்கள். டார்கெட் கொஞ்சம் மங்கினால் பரவாயில்லை, முன் சைட் மங்கக் கூடாது.

நம் நாட்டுப் போட்டிகளில் ஓபன் சைட் ஏர் ரைஃபிளுக்கென்று தனிப் பிரிவு உண்டு. உலக விதிப்படி நடப்பது பீப் சைட், அதாவது பின் சைட்டின் சின்னத் துளை வழியாகக் குறி பார்ப்பது. புதியவர் ஓபன் சைட்டில் தொடங்கினால் தவறில்லை. எதில் தொடருவது என்று கோச்சோடு பேசி முடிவெடுத்த பிறகு பீப் சைட்டுக்குக் காசு போடுங்கள்.

பீப் சைட்டில் புதியவர் செய்யும் வழக்கமான தப்பு, முன் சைட் வளையத்தைச் சின்னதாக எடுப்பது. 'சின்ன வளையம்னா துல்லியம்' என்று நினைப்பு. டார்கெட்டின் கறுப்பு வட்டம் 30.5 மி.மீ. ஒரு மீட்டரில் இருக்கும் முன் சைட்டில் அது ஏறத்தாழ 3 மி.மீ. அகலமாகத் தெரியும். அதைச் சுற்றி வெள்ளை வளையம் தாராளமாகத் தெரிய வேண்டும். 3.4 மி.மீ. போட்டால் வெள்ளை மெலிந்து, கறுப்பு வளையத்தில் இடித்து இடித்துத் துடிக்கும். கண் அதைத் திருத்தப் போய் விசையை அவசரமாக இழுக்கும். 4 மி.மீ.யோ அதற்குச் சற்று மேலோ வைத்துத் தொடங்குங்கள். ஹோல்ட், அதாவது குறி பார்க்கும்போது வரும் ஆட்டம், அடங்க அடங்கக் குறைக்கலாம். கழற்றி மாட்டும் வளையங்கள் விலை குறைவு. திருகி அளவு மாற்றும் ஐரிஸ் முன் சைட் விலை கூடுதல், ஆனால் ரேஞ்சின் வெளிச்சத்துக்கு ஏற்ப மாற்ற வசதி. பல இடங்களில் சுடப் போகிறவர்களுக்கு அது தகும்.

பின் சைட்டில் ஐரிஸ் துளை 1 மி.மீ. சுமாரில் இருந்தால் போதும். கலர் ஃபில்டர் பெட்டியெல்லாம் இப்போது வேண்டாம்.

இன்னொரு கண்ணை மூடிச் சுடாதீர்கள். மூடிய கண்ணின் தசை இழுப்பு, திறந்த கண்ணையும் களைப்பாக்கும். பின் சைட்டில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் துண்டை மறைப்பாக மாட்டி இரண்டு கண்ணையும் திறந்து வையுங்கள். தயிர் டப்பா மூடியை வெட்டிக்கூடச் செய்யலாம். போட்டிக்குப் போகும்போது மட்டும் விதிப்படி அகலம் 30 மி.மீ.க்குள் இருக்க வேண்டும்.

பெல்லட்

எந்த பெல்லட் நல்லது என்று கேட்காதீர்கள். எந்த பெல்லட் உங்கள் குழாய்க்கு நல்லது என்று சுட்டுப் பாருங்கள். தட்டைத் தலை போட்டி பெல்லட்கள் 4.48, 4.49, 4.50, 4.51 மி.மீ. என்று தலை அளவில் வேறுபடும். எடை பெரும்பாலும் 0.53 கிராம் பக்கம். எச் அண்ட் என், ஆர்டபிள்யூஎஸ், ஜேஎஸ்பி எல்லாம் போட்டிகளில் சுடப்படுபவை. நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்தால் நான்கு டப்பாவை நான்கு பேரும் பங்கு போட்டுச் சோதிக்கலாம். 500 பெல்லட் டப்பா வீணாகாது.

சோதனையில் உங்கள் கை இருக்கக் கூடாது. பழைய ஜீன்ஸ் கால் ஒன்றில் மணல் நிரப்பிக் கட்டி, மேசையில் வைத்து, ரைஃபிளை அதன்மேல் சாய்த்து உட்கார்ந்து சுடுங்கள். ஒவ்வொரு வகையிலும் பத்துப் பத்தாக மூன்று அட்டை. ஓட்டையின் வெளி விளிம்பிலிருந்து எதிர் விளிம்புவரை அளந்து அதில் 4.5-ஐக் கழித்தால் குண்டுகளின் மையங்களுக்கிடையே உள்ள அதிகபட்சத் தூரம் வரும். மூன்று அட்டையும் ஒத்துப்போகும் பெல்லட்டை எடுங்கள். ஒரே ஒரு அட்டை அழகாக வந்தது என்று ஒரு பெல்லட்டைக் காதலிக்காதீர்கள், அது தற்செயல். வகை தெரிந்த பின் ஒரே லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) உள்ள டப்பாக்களாக மொத்தமாக வாங்குங்கள். பயிற்சிக்கு 60 குண்டு, வாரம் நான்கு நாள் என்றால் வாரத்துக்கு 240, ஆக ஒரு டப்பா இரண்டு வாரம்தான் வரும். அன்றாடப் பயிற்சிக்கு மலிவு வகை, போட்டிக்கும் அதற்கு முந்தைய வாரத்துக்கும் நல்ல வகை என்று பிரித்துக்கொள்ளலாம்.

பெல்லட் என்பது ஈயம். ரேஞ்சிலிருந்து வந்த கையோடு அத்தோ, பேஜோ சாப்பிடப் போகாதீர்கள். சோப்பு போட்டுக் கழுவிவிட்டுப் போங்கள். பெல்லட்டை வாயில் வைத்துக்கொண்டு லோட் செய்யும் பழக்கம் சில பெரியவர்களிடம் உண்டு, பிள்ளைகள் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள்.

ஜாக்கெட், ஷூ, கையுறை

கையுறையும் ஷூவும் முதலில் வாங்கலாம். ஷூ தட்டையாக, அகலமாக நிற்க உதவும். விதிப்படி அடிப்பகுதி 10 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. கையுறையின் இரு பக்கத் தடிமன் சேர்த்து 12 மி.மீ.க்குள்.

ஜாக்கெட்டில் என் கருத்து சிலருக்குப் பிடிக்காது. முதல் மூன்று நான்கு மாதம் ஜாக்கெட் இல்லாமல் எலும்பின் மேல் எடையை நிறுத்தக் கற்றுக்கொள்வது நல்லது. இடையிடையே கிளப் ஜாக்கெட்டைப் போட்டுப் பார்க்கலாம். ஜாக்கெட் முதுகைத் தாங்கும். அதோடு தப்பான நிலையையும் தாங்கிக்கொடுக்கும், அதனால் தப்பு தெரியாமலே போய்விடும். வளரும் பிள்ளைகளுக்கு அளவெடுத்துத் தைப்பது வீண். அடுத்த வருடம் தோள் பத்தாது. பழைய ஜாக்கெட் வாங்கினால் தடிமன் சோதனைக் கருவியில் அளந்து வாங்குங்கள். ஒற்றைத் தடிமன் 2.5 மி.மீ.க்குள் இருக்க வேண்டும், விறைப்புக்கும் தனிச் சோதனை உண்டு. எம்.சி. ரோடு தையற்காரர் கைத்திறனை நான் குறை சொல்ல மாட்டேன், ஆனால் முதுகில் ஒரு கூடுதல் துணி வைத்துத் தைத்தால் போட்டியன்று சோதனை மேசையிலேயே உங்களை நிறுத்திவிடுவார்கள்.

நம் வெயிலில் அந்த ஜாக்கெட்டுக்குள் வேர்வை ஊறும். மடித்துப் பையில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். அகலமான ஹேங்கரில் ஃபேன் காற்றில் தொங்கவிடுங்கள். வாஷிங் மெஷினில் போட்டால் விறைப்பு போய்விடும்.

காற்று

போட்டி ரைஃபிள்கள் இப்போது பெரும்பாலும் பி.சி.பி. வகை, அதாவது முன்கூட்டியே அழுத்தி நிரப்பிய காற்றில் சுடுபவை. சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் காற்று நிரப்ப வேண்டும், சில மாடல்களுக்கு 300. சரியான அளவு உங்கள் சிலிண்டரிலேயே பொறித்திருக்கும். பஞ்சர் கடை கம்ப்ரசர் பத்து பார் கொடுத்தாலே அதிகம், அங்கே போய்ச் சிரிப்பு வாங்காதீர்கள்.

சிரிக்க முடியாத விஷயம் ஒன்று. திருவொற்றியூர், மணலி பக்கம் வெல்டிங் பட்டறைக்கும் கேஸ் சிலிண்டருக்கும் பஞ்சமில்லை. 'ஆக்சிஜன் அடிச்சுத் தர்றேன், அதே காத்துதானே' என்று தெரிந்தவர் யாராவது சொல்லலாம். ஒருபோதும் வேண்டாம். உயர் அழுத்த ஆக்சிஜன் எண்ணெய்ப் பசையோடு சேர்ந்தால் வெடிக்கும். சிலிண்டரில் போகவேண்டியது வடிகட்டிய உலர்ந்த காற்று மட்டும். அதே காரணத்துக்காக வால்வுக்கும் ஓ-ரிங்குக்கும் சமையல் எண்ணெய், மெஷின் ஆயில் எதுவும் போடக் கூடாது. தயாரிப்பாளர் சொல்லும் சிலிக்கான் கிரீஸ் மட்டும்.

கைப்பம்பு வாங்கினால், அதில் ஈரம் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறதா என்று பாருங்கள். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம், அது சிலிண்டருக்குள் போனால் உள்ளே துருவும் அரிப்பும் வரும். கொஞ்சம் அடித்து, பம்பு சூடானால் நிறுத்தி, வால்வைத் திறந்து ஈரத்தை வெளியேற்றி, மறுபடி அடிக்க வேண்டும். டைவிங் சிலிண்டரிலிருந்து நிரப்பினால் மெதுவாக நிரப்புங்கள். வேகமாக நிரப்பினால் சிலிண்டர் சூடாகி அளவுமானி கூடுதலாகக் காட்டும், ஆறியதும் இறங்கும்.

ஸ்பிரிங் ரைஃபிள் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பகுதி வேண்டாம். உங்களுக்குச் சொல்வது இதுதான்: ஸ்டாக் திருகுகள் ஸ்பிரிங் அதிர்வில் தளரும், வாரம் ஒருமுறை பாருங்கள். பெல்லட் இல்லாமல் சுடாதீர்கள், பிஸ்டன் நேராக முட்டி சீல் கெடும். பாகங்களில் காசு போடாமல் பி.சி.பி.க்குச் சேர்த்து வையுங்கள்.

ட்ரிகரும் மற்றவையும்

ஏர் ரைஃபிளில் ட்ரிகருக்குக் குறைந்தபட்ச எடை என்று விதி இல்லை. ஏர் பிஸ்டலுக்குத்தான் 500 கிராம். அதைக் கேட்டதும் புதியவர்கள் ட்ரிகரை இறகு போல ஆக்கிவிடுகிறார்கள். விரல் பட்டதும் வெடிக்கும் ட்ரிகரில் விரலை வைக்கவே பயம் வரும், அந்தப் பயம் பழக்கமாகிவிடும். முதல் நிலை தெளிவாக நகர்ந்து, ஒரு சுவர் போல நின்று, பிறகு விடுபட வேண்டும். அந்தச் சுவர் விரலுக்குத் தெரிகிற அளவு எடை இருக்கட்டும். கோச்சோ ரைஃபிள் மெக்கானிக்கோ சரிசெய்யட்டும். உள்ளே இருக்கும் கொக்கியை அரத்தால் தேய்ப்பது, ஸ்பிரிங்கை வெட்டுவது இரண்டும் ஆபத்து.

எடைக்கட்டிகள்: ரைஃபிள் மொத்தம் 5.5 கிலோவுக்குள் இருக்க வேண்டும். முன்னால் எடை கூட்டினால் ஆட்டம் மெதுவாகும், உண்மைதான். 60 குண்டு, 75 நிமிடம் அதைத் தூக்கி இறக்க முதுகு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கூட்டுங்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு எடையைக் குறைக்கத்தான் வழி பார்க்க வேண்டும். எலக்ட்ரானிக் ட்ரிகர், கார்பன் குழாய் உறை எல்லாம் 620-ஐத் தாண்டிய பிறகு பேசலாம். 60 குண்டுக்குத் தசமக் கணக்கில் உச்ச ஸ்கோர் 654.

2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது, 2012-இல் லண்டனில் நம் சென்னையில் பிறந்த ககன் நாரங் வெண்கலம் வாங்கியது, கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைகளில் சுட்டது, எல்லாமே இதே 10 மீட்டர் ஏர் ரைஃபிள்தான். அவர்கள் கையிலிருக்கும் மாடலையே வாங்க வேண்டும் என்று வீட்டில் அடம் பிடிக்கிறவர்கள், அவர்களின் பட் பிளேட் எத்தனை கோணத்தில் திருப்பி வைத்திருக்கிறது என்று ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

பழையது வாங்கும்போது

அசல் பில், வரிசை எண், சோதனை அட்டை, சிலிண்டர் தேதி. இந்த நான்கும் இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். சிலிண்டருக்கு ஆயுள் உண்டு, தயாரித்த தேதி அதன்மேல் பொறித்திருக்கும். தயாரிப்பாளர் சொல்லும் காலம் முடிந்த சிலிண்டரைப் போட்டியில் அனுமதிக்க மாட்டார்கள், வீட்டிலும் வைக்கக் கூடாது. ரைஃபிள் மலிவாகக் கிடைத்து, புது சிலிண்டர் தனியாக வாங்க வேண்டி வந்தால் மொத்தம் எவ்வளவு என்று முதலிலேயே கூட்டிப் பாருங்கள். முந்தைய உரிமையாளர் கழற்றிய அசல் பாகங்களையும் கேட்டு வாங்குங்கள். நீங்கள் கழற்றுவதையும் அப்படியே பெயர் எழுதி ஒரு டப்பாவில் போடுங்கள், திரும்ப விற்கும்போது விலை நிற்கும்.

வீடு, மாடி, உப்புக் காற்று

மொட்டை மாடியில் சுடாதீர்கள். பக்கத்து மாடியில் புறா விடுகிறவர் இருப்பார், துணி காயப்போடுகிறவர் இருப்பார், தண்ணீர் டேங்க் இருக்கும். சுவரிலோ பலகையிலோ பட்ட பெல்லட் திரும்பி வந்து கண்ணைக் குத்தும். வீட்டில் செய்ய வேண்டியது ட்ரை ஃபயரிங் (பெல்லட் இல்லாமல் விசையை இழுத்துப் பழகுவது) மட்டும். பி.சி.பி. போட்டி ரைஃபிளில் அதற்கெனத் தனி அமைப்பு இருக்கும். ரைஃபிள் காலி என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, பெல்லட் டப்பாவை வேறு அறையில் வைத்துவிட்டு, சுவரில் சின்னக் கறுப்புப் பொட்டு ஒட்டி நின்று பாருங்கள். அந்தச் சுவருக்குப் பின்னால் யாரும் நடமாடும் அறை இல்லாத பக்கமாகத் தேர்ந்தெடுங்கள். நீளமான நடை இல்லாத ஒண்டுக் குடித்தன வீட்டில்கூட இரண்டு மீட்டர் கிடைக்கும், அது போதும்.

ராயபுரம், காசிமேடு, எண்ணூர் பக்கம் இருப்பவர்கள் சுட்டு முடித்ததும் உலோகப் பாகங்களைத் துணியால் துடைத்து, மிக மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுங்கள். காற்று வால்வுப் பக்கம் எண்ணெய் போகக் கூடாது. கன்னமும் கையும் படும் இடத்தில் வேர்வை உப்பு தங்கும், அங்கேதான் முதலில் துரு வரும். ஸ்பாஞ்ச் பெட்டி ரேஞ்சுக்கு எடுத்துப் போக மட்டும். ஸ்பாஞ்ச் ஈரத்தைப் பிடித்து வைக்கும், ஐப்பசி கார்த்திகை மழையில் பெட்டிக்குள்ளேயே ரைஃபிள் துருப்பிடிக்கும். பூட்டுள்ள பீரோவில் சிலிக்கா ஜெல்லோடு நிறுத்தி வையுங்கள். வண்ணம் மாறும் ஜெல் வாங்கினால் எப்போது காயவைக்க வேண்டும் என்று தெரியும். தெருவில் தண்ணீர் நிற்கும் பகுதியில் இருந்தால் மழைக்காலத்துக்கு மட்டும் பூட்டோடு பரணுக்கு ஏற்றிவிடுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் பீரோவின் கீழ்த்தட்டு எந்த உயரம்வரை நனைந்தது என்று உங்கள் வீட்டுச் சுவரிலேயே கறை இருக்கும்.

ரேஞ்சுக்குப் போகும்போது காலியான ரைஃபிள், குழாயில் ஆரஞ்சு சேஃப்டி ஃப்ளாக், பூட்டிய பெட்டி, பெல்லட் தனிப் பையில். பில் நகல், கிளப் அட்டை, அடையாள அட்டை மூன்றும் பெட்டியின் வெளிப் பாக்கெட்டில் இருக்கட்டும். மெட்ரோவில் பையை ஸ்கேன் செய்வார்கள், அங்கே நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பதைவிட பைக்கிலோ ஆட்டோவிலோ போய்விடுங்கள். இரவுச் சோதனையில் போலீஸ் நிறுத்தினால் பெட்டியைத் திறக்கும் முன் உள்ளே என்ன என்று வாயால் சொல்லுங்கள். பிறகு அவர்கள் சொன்ன பின் திறங்கள்.